லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை

லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை என்பது இரத்தப் புற்றுநோய் தொடர்பான ஆய்வுகளுக்கு நிதியுதவி வழங்கும் ஓர் இந்திய அறக்கட்டளை ஆகும். தொழிலதிபர் சர் தொராப்ஜி டாட்டா, இந்நோயால் இறந்த தம் மனைவி மெகர்பாய் டாட்டாவின் நினைவாக 1932 ஏப்ரலில் இதனை நிறுவினார். இந்தியர் ஒருவரின் கொடையைக் கொண்டு பல நாடுகளின் ஆய்வாளர்களுக்கும் உதவி வருவது இதன் சிறப்பாகும்.

மெகர்பாய் டாட்டா

மெகர்பாய் (1879 - 1931) மைசூர் அரசின் கல்வித்துறையில் உயர் பதவி வகித்த ஹோர்முஸ்ஜி பாபாவின் மகள் ஆவார். அணு அறிவியலாளர் ஹோமி பாபா இவருடைய உடன்பிறந்தாரின் மகன். 1898ஆம் ஆண்டு ஜாம்செட்ஜி டாட்டாவின் மூத்த மகனான தொராப்ஜியை மணந்தார். பெண் கல்விக்காகவும், குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்திற்காகவும் குரல் கொடுத்தார். சேலை அணிந்தே டென்னிஸ் போட்டிகளில் விளையாடியவர் என்றும் அறியப்படுகிறார்.

இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இவர், 1931 ஜூன் 18 அன்று வேல்ஸ் நாட்டின் ரூதின் நகரில் உள்ள மருத்துவ இல்லம் ஒன்றில் காலமானார். அக்காலத்தில் இந்நோயைக் கட்டுப்படுத்தக்கூடிய மருந்து எதுவும் இல்லை. செல்வம் மிகுந்த குடும்பத்தினராலும் அயல்நாட்டு மருத்துவர்களாலும்கூட அவரைக் காப்பாற்ற இயலவில்லை.

தோற்றம்

தொராப்ஜி - மெகர்பாய் இணையருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியின் மறைவுக்குப்பின் தொராப்ஜி தம் செல்வத்தைப் பொதுநலப் பணிகளுக்கு ஒதுக்கினார். மனைவியின் பெயரில் இந்த அறக்கட்டளையும், பரந்த நோக்கங்களுடன் சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையும் 1932ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 3 அன்று, ஐரோப்பியப் பயணத்தின்போது ஜெர்மனியின் பாட் கிசிங்கன் நகரில் அவர் இறந்தார். இலண்டனுக்கு அருகிலுள்ள புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தொராப்ஜி தம் மனைவிக்காக வாங்கியிருந்த ஜூபிலி வைரம் 245.35 காரட் எடை கொண்டது. கோகினூர் வைரத்தைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்டது. 1924இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் நெருக்கடியில் சிக்கியபோது, இவ்வைரம் உள்ளிட்ட தம் சொத்துக்களை அவர் அடகு வைத்து நிறுவனத்தைக் காத்தார். அவரது மறைவுக்குப்பின் 1937இல் வைரம் விற்கப்பட்டது.

நோக்கமும் நிதிப் பங்கீடும்

அறக்கட்டளையின் வருமானம் ஐந்து பங்காகக் கொள்ளப்படுகிறது.

நான்கு பங்கு: இரத்தப் புற்றுநோய் குறித்த பன்னாட்டு ஆய்வுகளுக்கு.
ஒரு பங்கு: மனிதத் துயரைத் தணிக்க உதவும் அறிவியல் ஆய்வுகளுக்கு, இந்தியாவில்.

இந்நோயின் காரணம் எந்த நாட்டு ஆய்வகத்தில் கண்டறியப்பட்டாலும் அது எல்லா நாட்டு நோயாளிகளுக்கும் பயன்படும். ஆகவே பெரும்பங்கை ஒரு நாட்டின் எல்லைக்குள் சுருக்காத இந்த ஏற்பாடு பொருத்தமானதாக அமைந்தது.

அறக்கட்டளை தோன்றியபோது இத்துறை தொடக்க நிலையில் இருந்தது. 1948ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க மருத்துவர் சிட்னி பார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததை அறிவித்தார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவார்.

டாட்டா நினைவு மருத்துவமனை

இவ்வறக்கட்டளையும் மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையும் வெவ்வேறு அமைப்புகள். எனினும் இரண்டிற்கும் பின்னணி ஒன்றே. மனைவி பெற்றது போன்ற சிகிச்சை இந்தியாவிலும் கிடைக்கவேண்டும் என்று தொராப்ஜி விரும்பினார். அவருக்குப்பின் நவ்ரோஜி சக்லத்வாலா, ஜே. ஆர். டி. டாட்டா ஆகியோரின் முயற்சியால் சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளை இம்மருத்துவமனையைக் கட்டியது. 1941 பெப்ரவரி 28 அன்று பரேல் பகுதியில் 80 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 1957இல் இந்திய நலவாழ்வு அமைச்சகம் இதனை ஏற்றது. 1962இல் அணுசக்தித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அத்துறையின் தலைமையில் இருந்தவர் மெகர்பாயின் மருமகனான ஹோமி பாபா. இன்று இங்கு வரும் நோயாளிகளுள் பெரும்பகுதியினர் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

தொராப்ஜி டாட்டா
ஹோமி பாபா
எல்லாப்பிரகத சுப்பாராவ்
இரத்தப் புற்றுநோய்