வெற்றுத் திரை

என் பழைய மாணவி ஒருத்தி ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அஞ்செட்டிக்காரி. வீட்டில் இருந்தவரை அண்ணனைக் கேட்காமல் போனைத் தொட முடியாது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு போன். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்: "நைட் ஷிப்ட் முடிச்சு, பத்து நிமிஷம் பார்த்துட்டுத் தூங்கலாம்னு எடுப்பேன் மேடம். மதியம் ஆயிடும். இத்தனைக்கும் நான் எதையும் தேடறதே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை.

பெண் கையில் போன் வந்த வரலாற்றில் தடைகளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம். 2019இல் கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி மாணவி, மாலை 6 முதல் இரவு 10 வரை போனை விடுதியில் ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. அந்த மாதமே தடை நீங்கியது. 2020 ஜூன் 29இல் மத்திய அரசு வேறு காரணம் சொல்லி மொத்தமாக நிறுத்தியது. அடுப்படியிலும் வயல் வரப்பிலும் நின்று ஆடிய பெண்களின் மேடை ஒரே இரவில் போனது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

நாம் சரியாகக் கவனிக்காத மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பதிவுகள் இனி நேர வரிசையில் வராது என்று 2016இல் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. எதில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதும் கணக்கில் சேர்ந்தது. ஒரு பெண்ணைக் கேவலமாகப் பேசும் வீடியோவில் திகைத்துப்போய் நின்றாலும் நின்றதாகத்தான் கணக்கு. அதே ரகத்தில் இன்னும் நாலு வரும். தோலை வெளுப்பாக்கு, இடுப்பைக் குறை என்று எனக்கே வரிசையாக வந்திருக்கின்றன. நாற்பதைத் தாண்டியவள், முனைவர் பட்டம் வாங்கியவள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் "பார்க்காதே" என்று சொன்னால் அவனோடு சண்டை போடலாம். இதனோடு எப்படிப் போடுவது? ஐரோப்பியப் பெண்களுக்குச் சட்டமே ஒரு பிடி கொடுத்திருக்கிறது: 2023 ஆகஸ்ட் முதல், பயனரைக் கணித்துப் பரிந்துரைக்காத ஒரு வழியையாவது பெரிய தளங்கள் அங்கே தந்தாக வேண்டும். அதே ஆண்டு வந்த நம்முடைய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு உரிமை இல்லை. செட்டிங்ஸுக்குள் நாமே தேடிப்போக வேண்டியதுதான். இன்ஸ்டாகிராமில், நாம் பின்தொடரும் கணக்குகளை மட்டும் நேர வரிசையில் பார்க்கும் வசதி 2022இல் திரும்ப வந்தது. யூடியூபில், பார்த்தவற்றின் பதிவை அழித்து நிறுத்திவைத்தால் முகப்பில் பரிந்துரைகள் வராது.

வேலைக்குப் போகும் பெண்கள் போனைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் போனுக்கு அவர்கள் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

அன்று இருவரும் உட்கார்ந்து அவள் யூடியூப் பதிவை அழித்து நிறுத்தினோம். திரை வெள்ளையாக நின்றது, மேலே தேடும் கட்டம் மட்டும்.

"இப்ப என்னத்தைப் பார்க்கிறது மேடம்?"

"உனக்கு என்ன வேணும்?"

ரொம்ப நேரம் யோசித்தாள். காபி ஆறிவிட்டது. பிறகு போனைக் கொஞ்சம் என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு, ஏதோ தட்டினாள். என்னவென்று நான் கேட்கவில்லை.