பழத்தின் மூச்சு

சித்தூர்ச் சீமையிலிருந்து ஒரு கூடை மாங்காய் வந்திறங்கினால், மும்பையிலோ தில்லியிலோ வாழும் நம் வீடுகளில் நிகழ்வது யாது? வைக்கோல் கிடைக்காவிடில் அரிசிப் பானையில் காய்களைப் புதைக்கிறோம். பழுத்த ஒன்றையும் உடன் வைக்கிறோம். பழம் அருகிருந்தால் காயும் விரைந்து கனியும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். காரணத்தை உலகம் அறிய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

1901-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு நெல்யுபோவ், தம் ஆய்வுக்கூடத்துப் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கண்டார். விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் எனத் தெளிந்தார். 1910-இல் ஜமைக்காவிலிருந்து கசின்ஸ் என்பார், ஆரஞ்சையும் வாழையையும் ஒரே கப்பலில் ஏற்றலாகாது, வாழை முந்திப் பழுத்துவிடும் என எச்சரித்தார். குற்றம் ஆரஞ்சினுடையதா, அதன்மேல் படர்ந்த பூஞ்சணத்தினுடையதா என்பது வேறு வழக்கு! 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் எத்திலீனை வெளிவிடுகிறது என நிறுவினார்.

நிறமற்ற இவ்வாயு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருப்பினும் போதும். அதை உணரும் காய் தானும் அதனையே உண்டாக்கத் தொடங்குகிறது. கூடை முழுவதும் செய்தி பரவிவிடுகிறது. பழம் இனித்து மணந்தால்தானே பறவையும் விலங்கும் நாடிவந்து விதையைக் கொண்டு செல்லும்?

காயம்பட்டாலும் செடிகள் காற்றில் செய்தி விடுகின்றன. இலை கிழிக்கப்பட்ட மேப்பிள் கன்றுகளோடு ஒரே காற்றைப் பகிர்ந்த பழுதற்ற கன்றுகளும் தற்காப்புப் பொருள்களைப் பெருக்கிக்கொண்டதாக, 1983-இல் பால்டுவின், ஷுல்ட்ஸ் இருவரும் அறிவித்தனர். அக்கன்றுகள் 'பேசினவா', அன்றி ஒன்றின் வாடையை மற்றொன்று ஒட்டுக்கேட்டதா என்ற வாதம் அதன்பின் நெடுநாள் நடந்தது. ஒட்டுக்கேட்டது என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பாகாலாவுக்கு அருகிலுள்ள தாமலசெருவு மாம்பழ மண்டியில் இதுவே பணத்தைக் காக்கும் அறிவு. அடிபட்ட காய் எத்திலீனை மிகுதியாக விடும். அதனை ஒதுக்காமல் லாரியில் ஏற்றினால், ஊர் சேருமுன் பக்கத்துக் காய்களும் கனிந்து குழைந்துவிடும். கூழ் ஆலைக்குப் போகும் கிளிமூக்கு மாங்காய்க்குப் பயணம் குறைவு. தொலைதூரம் போகும் பங்கனப்பள்ளிக்கோ அது பெரும் நட்டம்.

விரைவை விரும்பிச் சிலர் கார்பைடு கல்லை நாடினர். அது விடும் அசிட்டிலீன், எத்திலீனைப் போலவே நடிக்கும். ஆனால் கல்லோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் நஞ்சுகளும் கலந்திருக்கும். ஆதலால் நம் நாட்டில் அம்முறைக்குத் தடை உண்டு. அளவறிந்து எத்திலீன் வாயுவைச் செலுத்தும் அறைகளுக்கு அனுமதி உண்டு.

கூடையைப் பிரித்தவுடன் நசுங்கிய காயைத் தேடி எடுத்துவிடுங்கள். அன்றைக்கே பச்சடிக்கு ஆகும்.