நியூசீலாந்தில் ஒரு தமிழ்க் கப்பல் மணி

கடலுக்கு வெகு தொலைவில், பாறைகள் சூழ்ந்த தக்காணத்து மேட்டுநிலத்தில் வாழ்கின்ற நமக்குக் கப்பலைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நாம் குடியேறி வாழும் இவ்வூரும் ஒரு காலத்தில் கடலோடு நெருங்கிய உறவு கொண்டிருந்ததே. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசின் தலையாய துறைமுகமாக மச்சிலிப்பட்டினம் விளங்கிற்று. அங்கிருந்து சுல்தானின் கப்பல்களும் வணிகர்களின் கப்பல்களும் செங்கடலுக்கும், பாரசீக வளைகுடாவுக்கும், சுமத்திராத் தீவின் அச்சேவுக்கும் சென்று மீண்டன. அதே வங்கக் கடலில், அதே பருவக் காற்றை நம்பி, நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் தமிழ் வணிகரும் கலம் செலுத்தினர். அத்தகைய தமிழ்க் கலம் ஒன்றின் சிறு எச்சம் உலகின் மற்றொரு கோடியில் எவ்வாறு அடையாளம் காணப்பட்டது என்பதையும், அதனால் நாம் அறிய வேண்டுவது யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயன் மறந்த பொருள்கள்

சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரத்தைக் காணாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. மணிதோறும் சிறு பொம்மை ஒன்று வெளிப்பட்டு மணியடிக்கும் காட்சிக்காகக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு காத்து நிற்கிறோம். அப்பொருள் இன்னதென்று எவரும் விளக்க வேண்டுவதில்லை; தன் தொழிலைத் தானே செய்து காட்டுகிறது. கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்தின் பெயரும் அதனோடு சேர்ந்தே வழங்குகிறது.

இயக்கம் நின்று, பயனும் மறந்துபோன பொருள்களின் நிலை அவ்வாறன்று. சோழமண்டலக் கரை மாலுமிகள் கையாண்ட ராப்பலகையை எடுத்துக்கொள்வோம். சிறியதொரு மரப்பலகை, அதன் நடுவில் கோத்த, முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு. இவ்வளவே அக்கருவி. படத்தில் மட்டும் காண்பவர் அதனைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்றுகூடக் கருதலாம். மாலுமியோ கயிற்றைப் பல்லால் கடித்துப் பலகையை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிப்பான். பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு செய்து, எந்த முடிச்சில் அவ்வாறு பொருந்துகிறது என்று பார்ப்பான். அதனால் விண்மீனின் உயரமும், தன் கலம் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதும் அவனுக்குப் புலனாகும். அரபு மாலுமிகள் இத்தகைய கருவியைக் கமால் என்றனர். பொருள் கையில் இருந்தாலும், அதைப் பிடிக்கும் முறை அறிந்தவர் இல்லையேல் அது வெறும் மரத்துண்டே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ராப்பலகைக்குப் பேச்சில்லை. ஆனால் சில பொருள்கள் தம் உடலிலேயே எழுத்தைத் தாங்கி, படிப்பவர் வரும்வரை காத்துக் கிடக்கின்றன. நாம் காணப்போகும் மணி அவ்வகையைச் சேர்ந்தது.

கிழங்கு வேகவைத்த கலம்

வில்லியம் கோலன்சோ என்பவர் 1834ஆம் ஆண்டு நியூசீலாந்து சென்ற கிறித்தவ ஊழியர். அச்சுத் தொழில் வல்லவர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டு வெளியிட்ட பெருமை அவருக்கு உண்டு. ஏறத்தாழ 1836ஆம் ஆண்டில், அந்நாட்டின் வடதீவில் வாங்கரெய் என்னும் ஊரின் அருகே, மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கும் கலமாக ஒரு வெண்கலப் பொருளைப் பயன்படுத்தக் கண்டார். புயலில் பெருமரம் ஒன்று வேரோடு சாய்ந்தபோது அது கிடைத்ததென அம்மக்கள் கூறினர். அதன்மேல் இன்ன மொழியென்று விளங்காத எழுத்துகள் இருந்தன. நாள்தோறும் அச்செழுத்துகளோடு பழகியவரின் கண்ணுக்கு அவற்றின் அருமை புலப்பட்டதில் வியப்பில்லை. ஓர் இரும்புப் பானையை ஈடாகக் கொடுத்து அதனை அவர் பெற்றுக்கொண்டார்.

அது ஒரு மணியின் மேற்பகுதி. வாய்விளிம்பு உடைந்து போயிருந்தது. அளவோ ஒரு சாணுக்கும் குறைவு. கவிழ்ந்து தொங்க வேண்டிய மணியை நிமிர்த்தி வைத்தால் கிண்ணம் போலத் தோன்றும். மணியை அறியாதவர் அதைச் சமைக்கும் கலமாகக் கொண்டதில் பிழையொன்றும் இல்லை. கிடைத்த பொருளுக்குத் தமக்கு வேண்டிய பயனை அவர்கள் கண்டனர்.

அவ்வெழுத்துகள் தமிழ் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்று அதனைப் படித்தனர். அஃதாவது, முகையதீன் பக்சு என்பவரின் கப்பலுக்குரிய மணி. கோலன்சோ 1899இல் மறைந்தபின் அம்மணி அந்நாட்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இன்று வெலிங்டன் நகரின் டெ பாப்பா அருங்காட்சியகம் அதனைப் பேணி வருகிறது. அதன் நிழற்படங்களையும் எவரும் காணுமாறு வெளியிட்டுள்ளது.

ஆறே சொற்களின் செய்தி

இச்சிறு தொடர் எத்தனை செய்திகளைத் தருகிறது என்பதைக் கருத வேண்டும். முதலாவது, இப்பொருள் கோவில் மணியோ வீட்டு மணியோ அன்று, கப்பல் மணி என்று அதுவே கூறுகிறது. இரண்டாவது, உரியவர் பெயர் இசுலாமியப் பெயர். முகையதீன் என்பது, 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி என்னும் பெரியாரின் சிறப்புப் பெயர். தமிழ் முசுலிம்கள் பெரிதும் போற்றிக் குழந்தைகளுக்கு இடும் பெயர். பக்சு என்பது கொடை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். பாரசீகத்துப் பகரம் தமிழ் எழுத்தில் வகரமாகி, ‘வக்குசு’ என நம் நாவுக்கு இசைந்து நிற்கிறது. மூன்றாவது, ‘உடைய’ என்னும் சொல் இருமுறை வருவது ஏட்டு நடையன்று. பேசியவாறே எழுதிய வணிகர் நடை. பெரியாரின் அரபுப் பெயரையும் பாரசீகச் சொல்லையும் தமிழில் எழுதித் தம் உடைமையைக் குறித்த ஒரு கடல் வணிகக் குடியை இம்மணி நம் கண்முன் நிறுத்துகிறது.

மணியின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சில எழுத்துகளின் பழைய வடிவத்தைக் கொண்டு ஐந்நூறு ஆண்டு முற்பட்டது என்றனர் சிலர். 17 அல்லது 18ஆம் நூற்றாண்டினது எனக் கருதுவோரும் உளர்.

சான்று எதுவரை செல்லும்?

இம்மணியைக் காட்டித் தமிழர் ஐரோப்பியருக்கு முன்னரே நியூசீலாந்தைக் கண்டனர் என மேடைகளில் முழங்குவோர் உண்டு. நம் உள்ளத்துக்கு அது இனிக்கலாம். ஆனால் மணி சென்றதற்குத்தான் அது சான்று. மணிக்குரியவர் சென்றதற்குச் சான்றன்று. மாலுமிகள் கைவிட்ட கலம் நீரோட்டத்தில் மிதந்து சென்றிருக்கலாம். போர்ச்சுக்கீசியர் கைக்கு மாறிச் சென்றிருக்கலாம். 1769ஆம் ஆண்டுக்குப்பின் அக்கரையை நாடி வந்த ஐரோப்பியக் கப்பல் ஒன்றில் பண்டமாற்றுப் பொருளாகவும் சென்றிருக்கலாம். மணி தன் உரியவரைச் சொல்கிறது; வந்த வழியைச் சொல்லவில்லை.

இதனோடு ஒப்பிட மற்றொரு பொருள் உண்டு. சூர்வீல் என்னும் பிரெஞ்சுத் தலைவரின் ‘சென் ழான் பத்தீசுத்’ என்னும் கப்பல் 1769இல் நம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் மாதம் நியூசீலாந்தின் வடகோடியில் நங்கூரமிட்டது. அதில் இந்திய மாலுமிகள் பலர் இருந்தனர். அங்கு வீசிய புயலில் கப்பல் தன் நங்கூரங்களை இழந்தது. 1974இல் அவை கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று டெ பாப்பா அருங்காட்சியகத்திலேயே உள்ளது. அக்கப்பலின் நாட்குறிப்புகள் பிரெஞ்சு மொழியில் எஞ்சியிருந்தமையால் நங்கூரம் இழந்த இடமும் நாளும் தெளிவாயின. நம் முகையதீன் பக்சின் கலத்துக்கு மணி எஞ்சியது, ஏடு எஞ்சவில்லை. பொருளைக் காத்தால் போதாது, அதன் வரலாற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டையும்விடச் சிறந்த பாடம் வேறு வேண்டுமோ?

நம் இல்லங்களில்

ஒரு பொருளில் உரியவர் பெயரைப் பொறிப்பது நமக்குப் புதிதன்று. சீர்வரிசையாக வந்த பித்தளைத் தவலையிலும் எவர்சில்வர் தூக்கிலும் பெயர் வெட்டுவது நம் வழக்கம். கடல் கடந்த அந்த மணியில் இருப்பதும் அவ்வழக்கமே. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இந்நகருக்கு வந்த நம் முன்னோர் பெட்டிகளில் கொண்டுவந்த அளவுபடிகள், திராசுகள், பாக்குவெட்டிகள், பூட்டுகள், தையல் இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளின் பரணில் உள்ளன. பழைய பித்தளையை எடைக்குப் போடுமுன் சிறிது பொறுத்தல் நலம்.

அத்தகைய பொருளைப் படம் எடுக்குங்கால் சில முறைகள் உண்டு. மேலும் கீழும் பக்கங்களும் தனித்தனியே விளங்குமாறு எடுக்க வேண்டும். அளவுகோல் ஒன்றை அருகில் வைக்க வேண்டும். ஆழமில்லா எழுத்தாயின் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுமாறு வைத்தால் எழுத்துத் துலங்கும். புளியிட்டுத் துலக்குதல் ஆகாது. தேய்மானத்தோடு எழுத்தும் மறையும். யார் கொண்டுவந்தது, எவ்வூரினது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் படத்தோடு எழுதி வைக்க வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் வேறுவேறாகக் குறிப்பது இன்றியமையாதது.

இவை யாவும் செய்தபின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. நம் குழந்தைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். அவை கற்க வேண்டியவையே. தமிழை வீட்டில் பேசவும் செய்கின்றனர். ஆனால் படிக்க அறியாதவர் பலர். பாட்டியின் பெயர் வெட்டிய செம்பைக் கையில் வாங்கி, அப்பெயரைப் படிக்க இயலாமல் ஒரு பேரக்குழந்தை திருப்பித் திருப்பிப் பார்க்குமாயின், வாங்கரெய் மணியின் நிலை நம் அடுக்களைக்கே வந்துவிட்டது என்று பொருள். அந்த மணிக்கு அயல்நாட்டில் படிப்பவர் கிட்டப் பல்லாண்டுகள் ஆயின. நம் வீட்டுச் செம்புக்கு அந்நிலை வர வேண்டுவதில்லை. நாள்தோறும் கால்மணி நேரம் குழந்தையை அருகில் அமர்த்தி எழுத்தறிவித்தால் போதும். அச்செம்பிலிருந்தே முதற்பாடத்தைத் தொடங்கலாம்.