வில்கமுவவிலிருந்து வீடு வரை: இலங்கையில் அலுவலகக் கோவைகளைத் தொலைவிலிருந்து அணுகும் முறையின் வளர்ச்சி

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மகாவலி ஆற்றையும் வஸ்கமுவ தேசியப் பூங்காவையும் அண்டிக் கிடக்கிறது வில்கமுவ பிரதேச செயலாளர் பிரிவு. மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீரை நம்பி நெல் விளையும் பூமி. குடியேற்றப் பகுதிகளின் விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலவுரிமைச் சான்று என்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரந்தான். அது தொலைந்துபோனாலும், தகப்பன் இறந்து பின்னுரிமை மகனுக்கோ மகளுக்கோ மாற வேண்டியிருந்தாலும், காணிக் கிளையின் பேரேட்டையும் கோவையையும் பார்த்தே முடிவெடுப்பார்கள். உத்தியோகத்தர் அலுவலகத்துக்கு வர முடியாத நாளில் அந்தக் கோவை அலுமாரிக்குள்ளேயே இருந்துவிடும். யானை நடமாட்டமுள்ள பாதைகளில் இருட்டிய பின் வீடு திரும்புவது ஆபத்து என்பதால், மாலையில் கூடுதலாக இருந்து வேலையை முடிப்பதும் இங்கு எளிதன்று. ஆகவே வீட்டிலிருந்து அலுவலகக் கோவையைத் திறப்பது கொழும்பு நிறுவனங்களின் சௌகரியமென்று ஒதுக்கிவிடக்கூடிய விடயமல்ல.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: இலங்கை அரச வலையமைப்பு அலுவலகத்தை அலுவலகத்தோடு இணைக்கக் கட்டப்பட்டது. வீட்டுக்கான வாசல் அதில் திட்டமிட்டு வைக்கப்படவில்லை; நெருக்கடி வந்தபோது அவசரத்தில் திறக்கப்பட்டது. பூட்டைப் பற்றிய யோசனை அதற்கும் பிறகே வந்தது.

உலக அளவிலும் வாசல் முந்தி, பூட்டு பிந்தி வந்ததே வரலாறு. தொலைவிலிருந்து பணிபுரிவது பற்றி அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் 1973 இலேயே ஆராயத் தொடங்கிவிட்டார். ஆனால் 1995 இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோன பிறகுதான் தாத்து இலோனன், தொலைக் கணினியில் மறைகுறியாக்கிய வழியில் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை எழுதினார். மைக்ரோசொஃப்ட் முன்னின்று உருவாக்கிய பி.பி.டி.பி. என்ற வி.பி.என். முறையின் (பொது இணையத்தினூடே அலுவலக வலையமைப்புக்குத் தனி வழி அமைக்கும் முறை) ஓட்டைகளை 1998 இல் பாதுகாப்பு ஆய்வாளர்களான புரூஸ் ஷ்னையரும் மட்ஜும் அம்பலப்படுத்தினர். ஓப்பன் வி.பி.என். பிறந்த கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மத்திய ஆசியாவில் பயணம் செய்தபடியே தன் அலுவலகத்தோடு இணைந்து வேலை செய்த ஜேம்ஸ் யோனன், தன் தரவுகள் யார் யாருடைய இணைப்புகள் வழியாகச் செல்கின்றன என்று கவலைப்பட்டு, 2001 இல் அதனை எழுதி வெளியிட்டார்.

இலங்கையில் சட்ட அடித்தளம் காலத்தோடு ஒட்டியே வந்தது. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரம் வழங்கியது. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் இயங்கலாயிற்று. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. இலங்கை அரச வலையமைப்பும் அதன்பின் அரச முகிலும் (அரச நிறுவனங்களுக்கான பொதுச் சேவையகத் தொகுதி) உருவாயின. வலையமைப்பின் இரண்டாம் கட்டம் 860 அரச நிறுவனங்களை இணைக்கும் திட்டமாக அறிவிக்கப்பட்டது. அரச காணித் தகவல்களுக்கெனத் தனிக் கணினி முறைமையும் வந்தது. இத்தனையிலும் ஓர் எண்ணம் மாறவேயில்லை: உத்தியோகத்தர் அலுவலகக் கதிரையில்தான் இருப்பார்.

2020 மார்ச் மாதம் கொவிட் பெருந்தொற்றால் அந்த எண்ணம் உடைந்தது. மார்ச் 20 முதல் 27 வரையான காலத்தை அரசாங்கம் வீட்டிலிருந்து பணிபுரியும் வாரமாக அறிவித்தது, ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டது. சுற்றறிக்கை வந்துவிட்டது, வழி வரவில்லை. அத்தகைய வேளையில் கடிதத்தைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், பட்டியலைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோவதும், சொந்த மின்னஞ்சலில் கோவையைச் சேமிப்பதும் இயல்பாகிவிடுகின்றன. இவற்றைச் செய்த உத்தியோகத்தரைக் குறைசொல்ல மாட்டேன். மக்கள் வேலை நிற்கக்கூடாது என்றே செய்தார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் காணித் தகராறு பற்றிய அறிக்கை அலுவலகத்தின் பொறுப்பை விட்டு வெளியேறிவிட்டது என்பதும் உண்மை. ஊரடங்கு தொடங்கிய அதே மாத இறுதியில் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில் வயர்கார்டு என்ற எளிய, வேகமான வி.பி.என். முறை இலவசமாகச் சேர்ந்து வந்தது. கருவி இல்லாமல் போகவில்லை; அதை அமைத்துக்கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அலுவலகக் கணினி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் என்ற இன்னொரு நம்பிக்கையை 2022 தகர்த்தது. எரிபொருள் தட்டுப்பாட்டால் ஜூன் 20 முதல் இரு வாரங்களுக்கு அத்தியாவசியமல்லாத அரச ஊழியர்கள் மீண்டும் வீட்டிலிருந்து பணிபுரியப் பணிக்கப்பட்டனர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டிருந்தது. வீட்டு மடிக்கணினியிலிருந்து அலுவலகக் கணினியின் திரையைத் திறக்கும் முறையில் உள்ள பலவீனம் இங்கே வெளிப்படுகிறது. அலுவலகத்தில் மின்சாரம் நின்றால் கணினி அணையும், ரவுட்டரும் அணையும். வீட்டில் இருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. அதைவிட மோசம், அவசரத்தில் 3389 என்ற தொலைத்திரை வாசலை நேரே இணையத்துக்குத் திறந்துவிடுவது. கடவுச்சொல்லை ஊகித்து நுழையும் தானியங்கி நிரல்கள் அந்த எண்ணை இரவும் பகலும் தேடிக்கொண்டிருக்கின்றன.

கோவை மத்திய முகிலுக்குப் போனால் போதும் என்ற எண்ணத்துக்கு 2023 ஆகஸ்ட் 26 பதில் சொன்னது. அன்று கப்பம் கோரும் தீநிரல் அரச முகிலின் மின்னஞ்சல் சேவையைத் தாக்கியது. சுமார் 5,000 அரச முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டதால், மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான தயாரிப்பாளர் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. வி.பி.என். மட்டும் காவலாகாது என்பதற்கு அமெரிக்க எரிபொருள் குழாய்வழி நிறுவனமான கொலோனியல் பைப்லைன் உதாரணம்: 2021 இல் கைவிடப்பட்டிருந்த ஒரு வி.பி.என். கணக்கின் கசிந்த கடவுச்சொல்லே அங்கு தாக்கியவர்களுக்கு நுழைவாயிலானது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்கு இருக்கவில்லை.

வில்கமுவ போன்ற பிரிவுக்குப் பொருந்தும் அமைப்பை இந்த அனுபவங்களே காட்டித்தருகின்றன. வி.பி.என். வாசல் பிரதேச செயலக ரவுட்டரில் அல்லாமல் அரச வலையமைப்பின் மையத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செயலகத்திலும் வலையமைப்புப் பொறியியலாளரை அமர்த்துவது நடவாத காரியம். நுழைபவருக்குக் கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடும் கட்டாயமாக வேண்டும். மடிக்கணினி அலுவலகத்தினுடையதாக இருக்க வேண்டும். இடமாற்றம் பெற்றவரின் அனுமதி அன்றைக்கே நீக்கப்பட வேண்டும். காணிக் கிளைக்காரர் காணிக் கோவையை மட்டும், அதுவும் பெரும்பாலும் பார்க்க மட்டும், திறக்கலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் இது இசைவானது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, கோவைகளின் ஒரு பிரதியை எந்த இணைப்பிலும் இல்லாத வட்டில் எழுதி, மாதந்தோறும் அதைத் திறந்து சோதிப்பது. அதற்கு அமைச்சரவைத் தீர்மானம் தேவையில்லை. மாவட்டச் செயலகங்கள் இந்த ஆண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.