தண்ணீரைக் கண்ணாடியாக்கிய கதை

1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார்கள். சாதாரண ஒளியில் தெரியாத மிக நுண்ணிய பொருட்களையும் இதில் பார்க்க முடிந்தது. ஆனால் உயிரியல் விஞ்ஞானிகளுக்கு மட்டும் ஒரு பெரிய தலைவலி இருந்தது. அதன் பெயர் தண்ணீர்!

காற்றில் மோதினால் எலக்ட்ரான்கள் சிதறிவிடும். அதனால் கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் உடனே ஆவியாகிவிடும். புரதங்களோ தண்ணீரில் இருந்தால்தான் தங்கள் இயல்பான வடிவத்தில் இருக்கும். காய்ந்தால் உருக்குலைந்து போகும். போதாததற்கு, எலக்ட்ரான் கற்றையும் புரதத்தைச் சிதைக்கும்.

1959-ல் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹோர்னும் ஒரு எளிய வழியைப் பிரபலமாக்கினார்கள். கன உலோக உப்புக் கரைசலைப் புரதத்தைச் சுற்றிப் படியவைத்து உலர்த்துவது. வேலை சுலபம்தான். ஆனால் இதில் தெரிவது புரதம் அல்ல, அது பதித்த அச்சு. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

சரி, உறையவைத்துப் பார்த்தால் என்ன? 1974-ல் அமெரிக்காவின் கென் டெய்லரும் ராபர்ட் கிளேசரும் உறைந்த புரதப் படிகங்களில் நுண்ணிய அமைப்பு கெடாமல் இருப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் சாதாரணமாக உறையும் தண்ணீர் பனிப் படிகங்களாக மாறும். அவை புரதத்தைச் சேதப்படுத்துவதோடு எலக்ட்ரான்களைச் சிதறடித்துப் படத்தையும் கெடுத்துவிடும்.

இங்கேதான் ஜாக் டுபோஷே வருகிறார். 1942-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பள்ளியில் 'டிஸ்லெக்சியா' என்று அடையாளம் காணப்பட்ட மாணவர். 1978-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரிடம் இருந்த யோசனை இதுதான்: தண்ணீர் படிகமாவதற்கு நேரமே கொடுக்காமல் குளிர்வித்தால்?

அவரும் அலஸ்டர் மெக்டவலும் நுண்ணிய நீர்த்துளிகளைக் கார்பன் படலத்தின் மேல் தெளித்து, மிகக் குளிர்ந்த திரவ ஈத்தேனுக்குள் அமிழ்த்தினார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் படிகமே இல்லை! சற்றுச் சூடேற்றியதும் அதே துளி படிகமாக மாறியது. அப்படியானால் முன்பு இருந்தது கண்ணாடி போன்ற நிலையில் இருந்த தண்ணீர்தான். இந்த முடிவு 1981-ல் வெளியானது. 1984-ல் அடினோவைரஸ் போன்றவற்றை இதே முறையில் படமெடுத்துக் காட்டினார்கள்.

திரவ நைட்ரஜன் இன்னும் குளிர்ச்சியானது (-196 டிகிரி) ஆயிற்றே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஆவி ஒரு மெத்தை போல நின்று வெப்பம் பாய்வதைத் தடுக்கிறது. நைட்ரஜனிலும் இதேதான் நடக்கும். ஈத்தேன் அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. அதனால் வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடும்.

இன்றும் அடிப்படை முறை இதுதான். சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான உலோக வலை (கிரிட்). அதன் மேல் துளைகள் கொண்ட மெல்லிய கார்பன் படலம். அதில் சுமார் 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசல். வடிதாளால் சில நொடிகள் ஒற்றி எடுத்தால், துளைகளில் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் நிற்கும். உடனே ஈத்தேனுக்குள் முக்க வேண்டும்.

கேட்க எளிது, செய்வது கடினம். படலம் தடித்தால் படம் மங்கும். மிக மெலிந்தால் புரதத்துக்கு இடமிருக்காது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொண்டு பல புரதங்கள் குலைந்துவிடும். எலக்ட்ரான் கற்றை படும்போது படலமே அசையும். இந்த அசைவைக் குறைக்க 2014-ல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் ரூசோவும் லோரி பாஸ்மோரும் கார்பனுக்குப் பதில் தங்கப் படலம் கொண்ட வலையை அறிமுகம் செய்தார்கள்.

2013 வாக்கில் புதிய கேமராக்களும் மென்பொருளும் வந்த பிறகு படங்களின் தெளிவு பாய்ச்சலாக உயர்ந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழுவும் 2014-ல் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய துணையலகு அமைப்பை இம்முறையில் வெளியிட்டது. 2017-ல் டுபோஷே, ஜோக்கிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸின் ஸ்பைக் புரத வடிவமும் இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

கோடிக்கணக்கில் விலையுள்ள மைக்ராஸ்கோப் இருக்கலாம். ஆனால் அந்தச் சின்ன வலையில் தண்ணீர் சரியாக உறையவில்லை என்றால் அதனால் ஒரு பயனும் இல்லை!