உலோகத்தில் பொறித்த மெய்க்கீர்த்தி

நாணயம் கைமாறுவதற்கென்று பிறப்பது. நினைவுப் பதக்கமோ காத்துவைப்பதற்கென்று பிறப்பது. எப்பொருளையும் விலைக்கு வாங்க உதவாத அவ்வட்டத் தகட்டை ஐரோப்பிய அரசர்கள் பெரிதும் விரும்பினர். ஏடு எரியும், சிலை உடையும்; உள்ளங்கையில் அடங்கும் உலோகம் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் என்பதை உரோமானிய நாணயங்கள் அவர்களுக்கு உணர்த்தியிருந்தன. இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ 1438ஆம் ஆண்டையொட்டி பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானுக்காக வார்த்த பதக்கத்தை இக்கலையின் தொடக்கமாகக் கொள்வர்.

இக்கலையை ஆட்சியின் கருவியாக்கியவர்களுள் தலையாயவர் பிரான்சின் பதினான்காம் லூயி. அவருடைய அமைச்சர் கோல்பேர் 1663இல் அறிஞர் சிலரைக் கொண்டு ஒரு சிறு கழகம் கண்டார். பதக்கங்களுக்குரிய இலத்தீன் வாசகங்களை இயற்றுவது அக்கழகத்தின் பணிகளுள் ஒன்று. அதன் உழைப்பால் 1702இல் வெளிவந்த பெருநூல், மன்னரின் ஆட்சியை 286 பதக்கங்களில் நிரல்படக் காட்டியது. மெய்க்கீர்த்தி ஒன்று உலோகத்தில் எழுந்தது எனலாம்.

மெய்க்கீர்த்தி முழு மெய்யாகுமா? சீர்திருத்தக் கிறித்தவர்களான ஹியூகனாட்டினருக்கு 1598இல் நாந்த் ஆணை வழங்கிய உரிமைகளை லூயி 1685இல் பறித்தார். அதனைக் கொண்டாடும் பதக்கமொன்று, இருபது இலட்சம் கால்வினியர் திருச்சபைக்கு மீண்டனர் என முழங்குகிறது. அன்று அந்நாட்டில் வாழ்ந்த ஹியூகனாட்டினரின் தொகை பத்து இலட்சத்தைக்கூட எட்டவில்லை என்பது பிற்கால வரலாற்றறிஞர் பலரின் கணிப்பு. அவர்களுள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வரை ஆலந்து, இங்கிலாந்து, பிராண்டன்பர்க் முதலிய நாடுகளுக்கு அகதிகளாய்ப் பெயர்ந்தனர். மன்னரின் வெற்றியைப் பாடிய உலோகம் அவர்தம் துயரைப் பாடவில்லை.

பதக்கம் திரட்டுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பாரிசு நாணயச்சாலை இப்பதக்கங்களுள் பலவற்றைப் பிற்காலத்தில் மீண்டும் அடித்து விற்றது. விளிம்பில் வளமைக் கொம்பின் சிறு முத்திரை காணப்படுமாயின், அது 1880க்குப் பின்னர் அடிக்கப்பட்டது எனத் தெளியலாம். முகப்பில் மன்னர் பெயரும் பழைய ஆண்டும் இருப்பதை மட்டும் கண்டு மயங்குவோர், பிற்காலப் படியைப் பழம்பொருளென்று வாங்கி ஏமாறுவர்.

விளிம்பைப் பார்த்துப் பதக்கத்தின் காலத்தை அறிவது போன்றே, பிற சான்றுகளோடு ஒப்பிட்டு அதன் கூற்றின் உண்மையையும் அறிதல் வேண்டும். அரசர் சொல்ல விரும்பியதைப் பதக்கம் சொல்லும். சொல்லாது விட்டதைத் தேடிக் காண்பது வரலாறு பயில்வோர் கடனாகும்.