சிறையிற் பிறந்த யாத்திரைக் கதை

பிறன் என்பவன் யார் என்று நியாயசாத்திரி ஒருவன் இயேசுநாதரை வினவினான். அவன் வேண்டியது ஓர் இலக்கணம். அவனுக்குக் கிடைத்ததோ ஒரு கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியிற் கள்வரால் அடியுண்டு கிடந்தான் ஒரு மனிதன். ஆசாரியன் ஒருவனும் லேவியன் ஒருவனும் அவனைக் கண்டும் விலகிச் சென்றனர். யூதர் இகழ்ந்து ஒதுக்கிய சமாரியன் ஒருவனே காயங் கட்டிக் காத்தான். இம்மூவருள் எவன் அவனுக்குப் பிறனாயிருந்தான் என்று கேள்வி கேட்டவனிடமே வினா திரும்பியது; விடையும் அவன் வாயினின்றே வந்தது. இலக்கணம் கேட்க வந்தவன் தன் நெஞ்சைத் தானே சோதிக்க வேண்டியவனாயினான்.

கிறிஸ்து சமயத்துக்கு விசுவாசப் பிரமாணங்களும் தருக்க நூல்களும் பல உண்டு. ஆயினும் துன்புற்ற காலத்தில் அடியார் தம் வாழ்வுக்குப் பொருள் தேடிப் பெரும்பாலும் நாடியது கதையையே. இதற்குச் சிறந்த சான்றாவது, 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோன் பன்யனின் வரலாறு.

பன்யன் 1628இல் பெட்போர்டு நகருக்கு அணித்தான எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடுதலே அவர் குடும்பத் தொழில். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 1660இல் மன்னராட்சி மீண்டும் நிலைபெற்றபோது, அரசத் திருச்சபைக்குப் புறம்பே கூடி வழிபடுவதும் போதிப்பதும் குற்றமெனக் கொள்ளப்பட்டன. பன்யன் சிறை செய்யப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று வாக்களித்திருப்பின் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அவர் இசைந்தாரல்லர். பன்னிரண்டு ஆண்டுகள், 1672 வரை, பெட்போர்டுச் சிறையே அவர் உறைவிடமாயிற்று. வெளியே மனைவியும் நான்கு பிள்ளைகளும் வறுமையுற்றனர். அப்பிள்ளைகளுள் மூத்தவளான மேரி கண் பார்வையற்றவள். அவளைப் பிரிந்த துயரே ஏனைய துயரனைத்தினும் தம்மை வருத்தியதென அவர் எழுதியுள்ளார். காலணி வார்களுக்கு முனை பூட்டும் வேலையைச் சிறையிலிருந்தே செய்து, அவ்வூதியத்தாற் குடும்பத்தைத் தாங்கினார்.

இத்தகைய வாழ்வினின்றே 'மோட்சப் பிரயாணம்' எனத் தமிழர் அறிந்த நூல் எழுந்தது. அதன் முதற் பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் அச்சேறின. ஒருவன் குகையொன்றிற் படுத்துறங்கிக் கனவு காண்பதாக அந்நூல் தொடங்குகின்றது. அக்குகை சிறையே என்று பிற்பதிப்பின் ஓரக்குறிப்பு விளக்கிற்று. கனவிற் கந்தலுடுத்த ஒருவன் தோன்றுகின்றான். முதுகில் ஒரு சுமை, கையில் ஒரு புத்தகம். அழிவுக்குரிய தன் நகரை விட்டு வானகர் நோக்கி அவன் நடக்கும் நடையே கதை.

இந்நூலை வெளியிடலாமா என்பதிலேயே அவர் நண்பர் இரு திறத்தாராயினர். புனைந்துரைத்த கதையால் மெய்ச்சமயத்தை உரைப்பது தகாது என்றனர் சிலர். தீர்க்கதரிசிகளும் கிறிஸ்துவும் உவமைகளாலேயே உண்மையை உணர்த்தினர் என்பது பன்யன் கண்ட விடை. அவர் வாழ்நாளிலேயே அந்நூல் பதினொரு பதிப்புகள் கண்டது. பின்னர் இருநூறுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

அதன் ஆற்றல் யாதென்பதை ஒரு நிகழ்ச்சி கொண்டே அறியலாம். யாத்திரிகனும் நம்பிக்கை என்னும் அவன் தோழனும் வழி தவறி, மனமுறிவு என்னும் அரக்கனிடம் அகப்பட்டுச் சந்தேகக் கோட்டையில் அடைபடுகின்றனர். புதன் காலை தொட்டுச் சனி இரவு வரை அப்பமில்லை, தண்ணீரில்லை, ஒளியுமில்லை. அரக்கன் அவர்களை அடித்து நொறுக்கி, தற்கொலையே வழி என்று அறிவுரையும் கூறுகின்றான். யாத்திரிகன் அதற்கு இசையுந் தறுவாயில் தோழன் தடுக்கின்றான். நள்ளிரவு முதல் இருவரும் செபிக்கின்றனர். விடியலுக்குச் சற்று முன் யாத்திரிகனுக்கு ஒன்று நினைவு வருகின்றது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தொடக்கமுதலே தன் மார்பிலேயே இருந்தது! அதனால் அக்கோட்டையின் கதவுகள் யாவும் திறக்கின்றன. கடவுளின் வாக்கு பொய்யாது என்று கோட்பாடாக உரைத்தால் கேட்போர் தலையசைப்பர். திறவுகோலை மார்பில் வைத்துக்கொண்டே ஒருவன் இருட்டிற் கிடந்தான் என்று கூறும்போதோ, அவரவரும் தத்தம் மார்பைத் தடவிப் பார்ப்பர். பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டிய கதவைக் கண்டிருந்தவர் எழுதிய கதை அது.

இக்கதை தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்ததே மேலும் ஆராயத்தக்கது. உரைநடை மொழிபெயர்ப்புகளோடு அது நின்றுவிடவில்லை. திருநெல்வேலிப் பகுதியில் 1827இற் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவ வேளாளர் குலத்தினர். கம்பராமாயணத்திற் பயின்ற குடும்பத்தவர். சாயர்புரத்திலே தமிழாசிரியராயமர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றார். புதிய சமயத்தைத் தழுவிய அவர், தாம் கற்ற தமிழைக் கைவிட்டாரல்லர். பன்யனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை விருத்தப்பாவில் யாத்தார். 'நற்போதகம்' என்னும் இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்த அது 1894இல் நூலுருப் பெற்றது. ஆதிபருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களும், 3,500க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது அந்நூல்.

பன்யனின் நூலில் யாத்திரிகன் சிலுவையின் முன் வந்து நிற்க, முதுகுச் சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகின்றது. அந்நிகழ்ச்சி சில வாக்கியங்களிலே முடிந்துவிடும். அச்சிலுவையில் மரித்தவர் யார், ஏன் மரித்தார் என்பதை ஆங்கில வாசகர் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டிருந்தனர். ஆசிரியர் விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ் வாசகர் பலருக்கோ அம்முன்கதை புதிது. சுமை ஏன் விழுந்தது என்பது விளங்காவிடின், சுமை விழுந்த கதையாற் பயனென்ன? எனவே கிருஷ்ண பிள்ளை, பன்யன் விரிக்காத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். விசாரணையும் சிலுவை மரணமும் காப்பியத்தின் நெஞ்சாயின. கம்பனிடம் கற்ற சொல்லாட்சியும் அவலச்சுவையும் அங்கே அவருக்குத் துணை நின்றன. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று புலவர் போற்றுவது இதனாலேயே.

ஒரு கதை வேறொரு நாட்டிற் குடியேற வேண்டின், சொற்களைப் பெயர்த்தல் மட்டும் போதாது. அந்நாட்டார் கேட்டிராத பகுதியை அவர்களுக்குப் பழகிய குரலிற் சொல்லுதலும் வேண்டும். பாத்திரம் செப்பனிட்ட பன்யன் சந்தை வீதியும் சேற்று வழியும் அறிந்த தம் மக்களின் எளிய பேச்சிற் கூறினார். கிருஷ்ண பிள்ளை காப்பியம் கேட்டுப் பழகிய செவிகளுக்கு விருத்தத்திற் கூறினார். ஒருவர் விசுவாசத்தின் பொருட்டு வீட்டை இழந்து சிறையிலிருந்தவர். மற்றவர் பிறந்த சமயத்தை விட்டுப் புதுவழி நடந்தவர். தாம் நடந்த வழியையே இருவரும் கதையாக்கினர். அதனாலேயே பின்வந்தோர் பலர் தாம் நிற்கும் இடம் யாது, செல்லும் திசை யாது என்பதை அக்கதைகளிற் கண்டுகொண்டனர்.